மதுரையில் ஆண்டுதோறும் புற்றுநோய் ஆராய்ச்சி விருது: விதிமுறை எப்படி எழுதுவது?

மாசிவீதி எழுதியது:

வணக்கம். குடும்ப அறக்கட்டளை ஒன்று 30 லட்சம் ரூபாயை முதலாகப் போட்டு ஆண்டுதோறும் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி விருது கொடுக்கப் போகிறது. மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய 6 மாவட்டங்களில் வேலை செய்பவர்களுக்கு மட்டும். வரைவில் இப்போதைக்கு ஒரே வரிதான் இருக்கிறது: "புற்றுநோய் ஆராய்ச்சியில் சிறந்த சாதனை புரிந்தவருக்கு 1 லட்சம் ரூபாயும் ஒரு பவுன் தங்கப் பதக்கமும் வழங்கப்படும்."

இந்த வரியை வைத்துக்கொண்டு யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது என்று தெரிகிறது. சாதனை என்பதை எப்படி வரையறுப்பது? குழுவில் யார் இருக்கலாம், யார் கூடாது? இந்தப் பக்கம் வரப்போகும் விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் "இன்ன மூலிகைச் சாறு புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது" என்ற வகையாகத்தான் இருக்கும். அதில் நல்லதை எப்படிப் பிரிப்பது? பணக் கணக்கும் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பழையஏடு எழுதியது:

முதலில் ஒரு முடிவு எடுங்கள். விருது ஆளுக்கா, வேலைக்கா? "வாழ்நாள் சாதனை" என்று வைத்தால் 10 வருடத்தில் ஓய்வுபெற்ற துறைத்தலைவர்களின் வரிசையாகிவிடும். குறிப்பிட்ட ஒரு வேலைக்கு என்று வைத்தால் 34 வயது ஆய்வாளரும் வரலாம், 70 வயது மருத்துவரும் வரலாம். என் ஓட்டு இரண்டாவதுக்கு.

அடுத்தது காலம். சுடச்சுடக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாடம் 1926 நோபல். டென்மார்க்கின் யோகானஸ் ஃபிபிகர், புழு தொற்றிய கரப்பான்பூச்சிகளை எலிகளுக்குத் தின்னக் கொடுத்து இரைப்பையில் புற்று உண்டாக்கியதாகக் காட்டினார். எலிகளுக்கு வைட்டமின் ஏ பற்றாக்குறை இருந்தது, அந்தக் கட்டிகளும் உண்மையில் புற்று அல்ல என்பது பின்னால்தான் தெரிந்தது. முயலின் காதில் தார் தடவிப் புற்றை உண்டாக்கிக் காட்டிய ஜப்பானின் யமகிவாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் 40 வருடம் நோபல் குழு புற்றுநோய்ப் பக்கமே திரும்பவில்லை. திரும்பியபோது நிலைமை நேர் எதிர். கோழிப் புற்றை உண்டாக்கும் வைரஸை 1911இல் கண்டுபிடித்த பெய்டன் ரௌஸுக்கு 1966இல் கொடுத்தார்கள், அவருடைய 87வது வயதில்.

உங்கள் விதியில் இப்படி எழுதலாம்: "விருதுக்குரிய வேலை, அறிவிப்பு ஆண்டுக்குக் குறைந்தது 3 ஆண்டுகளுக்கு முன்பும் அதிகபட்சம் 12 ஆண்டுகளுக்கு முன்பும் வெளியாகியிருக்க வேண்டும். ஆய்வாளரோடு தொடர்பில்லாத வேறொரு குழு அந்த முடிவைத் திரும்பச் செய்து பார்த்திருக்க வேண்டும், அல்லது நடைமுறையில் பயன்படுத்தியிருக்க வேண்டும்." கடைசி வாக்கியம்தான் முக்கியம். அது இல்லாவிட்டால் மேற்கோள் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்ப்பதோடு தேர்வு முடிந்துவிடும்.

தொகை சின்னது என்று கூச்சப்பட வேண்டாம். அமெரிக்காவில் தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி அறக்கட்டளை 2006இலிருந்து தரும் சென்ட்-ஜியார்ஜி விருது 25,000 டாலர்தான். ஆனால் 2014இல் அதை ஜேம்ஸ் ஆலிசனுக்குக் கொடுத்தார்கள். அவருக்கு நோபல் வந்தது 2018இல். தொகையைவிட, யாரைக் கண்டு எடுக்கிறார்கள் என்பதில்தான் விருதுக்குப் பெயர்.

ஸ்வீடனின் ஷோபெரி விருதிலிருந்து ஒரு யோசனை எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் 10 லட்சம் டாலர். அதில் 1 லட்சம்தான் ஆளின் கைக்கு, மீதி 9 லட்சம் அடுத்த ஆராய்ச்சிக்கான நிதி. உங்கள் அளவில் 25,000 கைக்கு, 75,000 ஆய்வகத்துக்கு என்று பிரித்தால் பொன்னாடை, மாலையோடு விஷயம் முடிந்துபோகாது.

இன்னொன்று. தானே விண்ணப்பிப்பதை அனுமதிக்காதீர்கள், பிறர் முன்மொழிய வேண்டும். "நுழைவுக் கட்டணம்" என்று 1 ரூபாய்கூட வாங்காதீர்கள். "உங்களைச் சிறந்த ஆய்வாளராகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், பதிவுக் கட்டணம் இவ்வளவு" என்று தினமும் மின்னஞ்சலில் வரும் குப்பை விருதுகளோடு உங்களுடையதையும் சேர்த்துவிடுவார்கள்.

96குழி எழுதியது:

மூலிகைச் சாறு விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, செல் உயிரோடிருக்கிறதா என்று சாயம் வைத்துப் பார்க்கும் எம்.டி.டி சோதனை ஒன்றையே நம்பி நிற்கின்றன. அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எங்கே கோளாறு வரும் என்பதும் தெரியும்.

96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. ஒரு குழிக்கு 5,000 முதல் 10,000 செல் போட்டு ஒரு நாள் ஒட்ட விடுவார்கள். பிறகு சாறு, 48 மணி நேரம். அதன்பின் எம்.டி.டி என்ற மஞ்சள் சாயம், மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவில், 3 அல்லது 4 மணி நேரம். உயிருள்ள செல் மஞ்சளை ஊதாப் படிகமாக மாற்றும். படிகத்தை டி.எம்.எஸ்.ஓ என்ற கரைப்பானில் கரைத்து 570 நானோமீட்டரில் அளப்பார்கள். ஊதா குறைந்தால் செல் செத்தது என்று கணக்கு.

இதில் என்ன தப்பு நடக்கும்? மூலிகையில் உள்ள ஃபிளேவனாய்டு, வைட்டமின் சி போன்றவை செல்லே இல்லாத குழியிலும் மஞ்சளை ஊதாவாக்கும். செத்த செல் உயிரோடிருப்பதாகத் தெரியும். எதிர்ப்பக்கமும் உண்டு. சாறு செல்லைக் கொல்லாமல் அதன் வளர்சிதை மாற்றத்தை மட்டும் மந்தமாக்கினால், உயிருள்ள செல் செத்ததாகத் தெரியும். அதனால் விண்ணப்பத்தில் முதலில் தேட வேண்டியது, செல் இல்லாமல் சாறும் சாயமும் மட்டும் போட்ட குழியின் அளவு. அது இல்லாத ஆய்வை அங்கேயே ஓரமாக வைக்கலாம். சாயத்தை ஊற்றும் முன் சாற்றைக் கழுவி எடுத்தார்களா, செத்த செல்லுக்கு மட்டும் நிறமேற்றும் டிரைபான் நீலம் போன்ற வேறொரு முறையாலும் உறுதி செய்தார்களா என்று அடுத்துப் பாருங்கள்.

சாற்றைக் கரைக்கப் பயன்படும் டி.எம்.எஸ்.ஓ.வே செல்லைக் கொல்லும். குழியில் அது 0.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, சாறு போடாத ஒப்பீட்டுக் குழியிலும் அதே அளவு இருக்க வேண்டும். அதிக அளவுச் சாறுக்குத் தானாகவே அதிக டி.எம்.எஸ்.ஓ போய்ச் சேர்ந்து, கொன்ற பெயர் மூலிகைக்குக் கிடைத்த கட்டுரைகள் ஏராளம்.

அப்புறம் அளவு. பாதிச் செல்லைக் கொல்லத் தேவையான அளவை ஐ.சி.50 என்பார்கள். கச்சாச் சாறு மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்குள் அதைச் செய்தால்தான் கவனிக்கத்தக்கது என்பது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பழைய அளவுகோல். 250, 400 என்று வரும் எண்களை வைத்துக்கொண்டு "குறிப்பிடத்தக்க புற்றெதிர்ப்பு" என்று தலைப்புப் போடுவார்கள். அந்த அளவில் ரசத்தை ஊற்றினாலும் செல் சாகலாம். ஒப்பிட்டுப் பார்க்க சிஸ்பிளாட்டின் அல்லது டாக்ஸோரூபிசின் போன்ற புற்றுநோய் மருந்தைப் பக்கத்தில் ஓட்டிக் காட்டினார்களா, புற்றில்லாத செல்லை அதே அளவு என்ன செய்தது என்பதையும் கேளுங்கள்.

"மூன்று முறை செய்தோம்" என்று எழுதியிருந்தால் ஒரே தட்டில் மூன்று குழியா, மூன்று வெவ்வேறு நாளில் மூன்று தட்டா என்று கேட்டு எழுதுங்கள். முன்னது மூன்று முறை ஆகாது.

கடைசியாகச் செல் வகை. நம் பக்கம் புகையிலை, வாய்ப்புற்று என்று ஆரம்பித்து கே.பி என்ற செல் வகையில் சோதனை செய்வார்கள். கே.பி என்று புழங்குவது வாய்ப்புற்றுச் செல்லே இல்லை, ஹீலா கலந்து ஆக்கிரமித்தது. ஹீலா என்பது 1951இல் எடுத்த கருப்பை வாய்ப்புற்றுச் செல். தொண்டைப்புற்று என்று விற்கும் ஹெப்-2, ஈரல் என்று பெயர் கொண்ட சாங் செல், இரண்டும் அப்படித்தான். மார்பகப்புற்று என்று பல வருடம் ஓடிய எம்.டி.ஏ-எம்.பி-435 உண்மையில் மெலனோமா என்ற தோல்புற்றின் செல். தவறாக அடையாளம் காணப்பட்ட செல்களுக்கு சர்வதேசப் பட்டியல் ஒன்று இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அதோடு ஒப்பிட 5 நிமிடம் போதும். புனே தேசியச் செல் அறிவியல் மையத்தில் வாங்கிய ரசீதும், செல்லின் அடையாளத்தை உறுதிசெய்யும் எஸ்.டி.ஆர் மரபணு ஒப்பீட்டு அறிக்கையும் கேளுங்கள். ஒப்பீடு 80 சதவீதத்துக்குக் கீழே என்றால் அது சொன்ன செல்தானா என்று சந்தேகப்பட வேண்டும்.

இதற்காக மூலிகை ஆய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. ராமநாதபுரம் பக்கம் மானாவாரியில் விளையும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் வந்தன. ஆனால் 1 கிராம் வின்கிரிஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். சாற்றில் எந்த மூலக்கூறு, அது செல்லில் எதைப் பிடிக்கிறது என்பது வரை போன ஆய்வு இருந்தால் முன்னால் வையுங்கள். சாறு செல்லைக் கொன்றது என்பதோடு நின்றது முதுகலைத் திட்டவேலை. அதற்கு மதிப்பெண் உண்டு, விருது எதற்கு?

யானைமலை எழுதியது:

இவ்வளவு சிக்கல் எதற்குங்க? அந்த வட்டியை வருடாவருடம் ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு வரும் புற்றுநோயாளிகளின் பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்தால் புண்ணியமாவது சேரும்.

மாசிவீதி எழுதியது:

அதற்குத் தனியாக வேறு ஏற்பாடு இருக்கிறது அண்ணே. இது ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய பணம்.

அம்பிளிக்கைரோடு எழுதியது:

யானைமலை சொன்னதை அப்படியே ஒதுக்கிவிட வேண்டாம். நோயாளிக்கு நேராகப் போய்ச் சேர்ந்த ஆராய்ச்சியும் ஆராய்ச்சிதான். நம் பகுதியில் நடந்து உலகமே மேற்கோள் காட்டும் புற்றுநோய் ஆய்வு எது என்று கேட்டால், என் பதில் எந்த ஆய்வகமும் இல்லை. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்கள்.

2000இல் தொடங்கியது. 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவி, 1 நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறுங்கண்ணால் பார்ப்பார்கள். வீட்டு வினிகரின் அமில அளவுதான். ஊர்களைத் தொகுதிகளாகப் பிரித்து, பரிசோதனை செய்யும் பக்கம் 49,311 பெண்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் உள்ள பக்கம் 30,958 பெண்கள் என்று ஒப்பிட்டார்கள். 7 ஆண்டுகளில் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைவாக இருந்தன. 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையில் இருந்த சங்கரநாராயணன் முதல் ஆசிரியர். அம்பிளிக்கை மருத்துவமனையின் புற்றுநோய்ப் பதிவேடு இல்லாமல் யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்று எண்ணியிருக்கவே முடியாது.

"மூலக்கூறு உயிரியல்" என்று எங்கேயாவது விதியில் நுழைத்தால் இப்படிப்பட்ட வேலை உங்கள் விருதுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. எனவே துறைகளை வெளிப்படையாகப் பெயர் சொல்லி எழுதுங்கள்: ஆய்வக உயிரியல், மரபியல், நோய்க்குறியியல், மருத்துவச் சிகிச்சை, கதிரியக்க இயற்பியல், பரிசோதனை முகாம், பதிவேடு, செவிலியம், வலி தணிப்பு. கண் புற்றான ரெட்டினோபிளாஸ்டோமாவில் மரபணு வேலை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலேயே நடக்கிறது. கண் மருத்துவர்கள் "இது நமக்கில்லை" என்று ஒதுங்கிக்கொள்ளாமல் இருக்க, அழைப்புக் கடிதம் அவர்களுக்கும் போக வேண்டும்.

மனிதர்கள் மீது நடந்த ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம் கட்டாயம். சிகிச்சைச் சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டு எண்ணும் வேண்டும். பதிவு செய்த தேதியையும் முதல் நோயாளியைச் சேர்த்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேர்த்த பிறகு பதிவு செய்திருந்தால் முடிவைப் பார்த்துவிட்டுக் கேள்வியை எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. திண்டுக்கல் ஆய்வின் மீதே, ஒப்பீட்டுப் பக்கத்துப் பெண்களுக்குப் பரிசோதனை செய்யாமல் விட்டது சரியா என்று பின்னால் கேள்வி எழுந்தது. நல்ல முடிவு வந்துவிட்டது என்பதற்காகக் குழு அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது.

பேரேடு எழுதியது:

பணக் கணக்கு. 30 லட்சம், 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 2,10,000. பார்க்கத் தாராளமாகத் தெரியும். ஆனால் விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால், இன்றைய 1 லட்சத்தின் மதிப்பு 14 வருடத்தில் பாதியாகிவிடும். முதலின் மதிப்பு தேயாமல் காலாகாலத்துக்கும் நடக்க வேண்டும் என்றால் நீங்கள் செலவழிக்கக்கூடியது 7-இல் 5 போக மீதி 2 சதவீதம், அதாவது 60,000. உங்கள் வரைவில் 1 லட்சமும் ஒரு பவுனும் இருக்கிறது!

மூன்று வழி இருக்கு. ஒன்று, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கொடுப்பது. இரண்டு, "15 ஆண்டுகள் மட்டும்" என்று முதலிலேயே சொல்லி முதலையும் சேர்த்துச் செலவழிப்பது. மூன்று, வருடாவருடம் முதலில் புதுப் பணம் சேர்ப்பது. இரண்டாவது கௌரவக் குறைவு இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் பெரிய புற்றுநோய் விருதுகளே 1970களின் கடைசியில் தொடங்கி 2000களின் நடுவில் நின்றுபோயின. கருப்பை வாய்ப்புற்றுக்கும் எச்.பி.வி வைரசுக்கும் தொடர்பு காட்டிய சுர் ஹௌசனுக்கு 1986இலேயே அவர்கள் கொடுத்தார்கள், நோபல் வர 22 வருடம் முன்னால். நின்றுபோனாலும் அந்தப் பெயர் நிற்கிறது.

வட்டியைச் சேமித்து முதலை வளர்க்கலாமே என்பீர்கள். அறக்கட்டளை வரிவிலக்குப் பதிவில் இருந்தால் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருடமே நோக்கத்துக்குச் செலவழிக்கணும் என்பது பொது விதி. 15 சதவீதம்தான் தாராளமாக மிச்சம் பிடிக்க முடியும், உங்கள் கணக்கில் 31,500. அதற்கு மேல் சேர்க்கத் தனிப் படிவமும் 5 வருட வரம்பும் உண்டு. புது வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆடிட்டரிடம் புது எண்ணோடு எழுதி வாங்குங்கள். முதலுக்கென்று வரும் நன்கொடைக்கு "இது மூலநிதிக்கு மட்டும்" என்று கொடுப்பவரின் கையெழுத்தோடு கடிதம் வாங்கி வைக்கணும். இல்லையென்றால் அதுவும் வருமானக் கணக்கில் ஏறிவிடும்.

30 லட்சத்தையும் ஒரே வங்கியில் போடாதீங்க. ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. கூட்டுறவு வங்கியில் அரை சதவீதம் கூடுதலாகத் தருகிறார்கள் என்று போகும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

பதக்கத்தின் எடையை விதியில் எழுதாதீர்கள். தங்கம் போகிற போக்கில் இன்னும் சில வருடத்தில் பதக்கம் பரிசுத் தொகையை விழுங்கிவிடும். தங்க முலாம் பூசிய வெள்ளிப் பதக்கம் என்பது போதும்.

பெறுபவர் பக்கமும் வரி இருக்கு. அரசு தரும் விருதுக்கும் அரசு ஒப்புதல் பெற்ற விருதுக்கும்தான் நேரடி விலக்கு. அதனால் பழையஏடு சொன்னபடி பெரிய பங்கை நிறுவனத்தின் கணக்குக்கு ஆராய்ச்சி நிதியாக அனுப்புவது எல்லா வகையிலும் நல்லது. ஒரே நிபந்தனை: அதிலிருந்து நிர்வாகச் செலவு பிடிக்கக் கூடாது என்று நிறுவனத் தலைவரிடம் முன்னாலேயே கடிதம் வாங்கணும். அரசு மருத்துவக் கல்லூரி ஆட்கள் என்றால் தனியார் விருதை ஏற்க துறை அனுமதி வேண்டும். அது வர மாதக்கணக்கில் ஆகும்.

மாசிவீதி எழுதியது:

மிக்க நன்றி. 15 ஆண்டு யோசனை அறங்காவலர்களுக்குப் பிடிக்கும் என்று தோன்றுகிறது. குழு விஷயம் மட்டும் பாக்கி. இந்த ஊரில் துறைக்குள் எல்லோரும் எல்லோருக்கும் ஆசிரியர் அல்லது மாணவர். உள்ளூர் ஆட்களை வைத்தால் பாகுபாடு, வைக்காவிட்டால் செலவு. விழா சித்திரையில் வைக்கலாமா?

பழையஏடு எழுதியது:

5 பேர் வையுங்கள். 2 பேர் தமிழ்நாட்டுக்கு வெளியே, 2 பேர் தமிழ்நாட்டில் ஆனால் 6 மாவட்டத்துக்கு வெளியே, ஒருவர் புள்ளியியல் தெரிந்தவர். உள்ளூரிலிருந்து யாரும் வேண்டாம். கூட்டத்தைக் காணொளியில் நடத்தினால் பயணச் செலவே இல்லை, விழாவுக்கு ஒருவரை மட்டும் வரவழைக்கலாம். அறங்காவலர் ஒருவர் உட்கார்ந்து குறிப்பு எழுதலாம், ஓட்டு கிடையாது.

தொடர்பு என்பதை வார்த்தையில் விட்டுவிடாமல் வரையறுங்கள்: எப்போதாவது வழிகாட்டி–மாணவர், கடந்த 5 ஆண்டுகளில் கூட்டு ஆசிரியர், ஒரே நிறுவனம், உறவு. இதில் ஒன்று இருந்தாலும் அந்தப் பெயர் பேசப்படும்போது இணைப்பைத் துண்டித்து வெளியேற வேண்டும், வெளியேறிய நேரம் குறிப்பில் ஏற வேண்டும். "மௌனமாக இருந்தேன்" என்பது செல்லாது.

இறுதிச் சுற்றுக்கு 3 பேர் வந்தால், ஒவ்வொருவர் வேலை பற்றியும் அவரோடு சேர்ந்து எழுதாத 2 பேரிடம் ரகசியக் கருத்து வாங்குங்கள். கேள்வி ஒன்றே போதும்: "இந்த வேலை நடந்திராவிட்டால் இந்தத் துறையில் இன்று எது குறைந்திருக்கும்?" "மிகச் சிறந்த, கடின உழைப்பாளி" என்று மட்டும் பதில் வந்தால் அவருக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை என்று பொருள்.

படங்களைப் பார்க்கும் வேலையை மறக்காதீர்கள். ஒரே நுண்ணோக்கிப் படத்தைத் திருப்பிப் போட்டு இரண்டு வெவ்வேறு சாறுகளின் விளைவு என்று காட்டுவது, ஒரே புரதப் பட்டையை இரண்டு கட்டுரைகளில் ஒட்டுவது, இதெல்லாம் நடக்கிறது. வெளிவந்த கட்டுரைகளின் குறைகளைச் சுட்டும் பப்பியர் (PubPeer) தளத்திலும், திரும்பப் பெற்ற கட்டுரைகளின் தரவுத்தளத்திலும் இறுதிப் பட்டியலில் உள்ளவர்களின் எல்லாக் கட்டுரைகளையும் தேடுங்கள், விருதுக்கு வந்த ஒன்றை மட்டும் அல்ல.

மூன்று விதியை விட்டுவிடக் கூடாது. தகுதியானவர் இல்லாத ஆண்டில் விருது இல்லை. அடிப்படையான கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் விருதும் திரும்பப் பெறப்படும். தேர்ந்த பிறகு ஒருவர் இறந்துவிட்டாலும் விருது செல்லும். கடைசியானது தேவையா என்று கேட்பார்கள். 2011இல் மருத்துவ நோபல் அறிவிக்கும்போது, அதற்குத் தேர்ந்தவர்களில் ஒருவரான ரால்ஃப் ஸ்டெய்ன்மன் இறந்து 3 நாளாகியிருந்தது, குழுவுக்கே தெரியாது. கணையப்புற்று. இறந்தவர்களுக்குத் தருவதில்லை என்ற விதியை வைத்துக்கொண்டு அவர்கள் அவசரமாகக் கூடி, தெரியாமல் நல்லெண்ணத்தில் எடுத்த முடிவு என்பதால் செல்லும் என்று அறிவிக்க வேண்டியிருந்தது.

சித்திரை வேண்டவே வேண்டாம். திருவிழாச் சமயத்தில் வெளியூர்க்காரருக்கு மதுரையில் அறை கிடைக்காது, வந்தவரும் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போய்விடுவார். நவம்பர் 7 தேசியப் புற்றுநோய் விழிப்புணர்வு நாள், ஆனால் மழைக்காலம். பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள், அதை எடுத்துக்கொள்ளுங்கள். தை முகூர்த்தத்தில் மண்டபம் கிடைக்காது, கல்லூரி அரங்கு கேளுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் முன்மொழிவு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, ஆவணச் சரிபார்ப்பு ஆகஸ்ட், வெளிக் கருத்து செப்டம்பர், முடிவு அக்டோபர் முதல் வாரம். அரசுப் பணியில் இருப்பவர் என்றால் அன்றைக்கே அனுமதிக் கடிதத்தைக் கிளப்பினால்தான் பிப்ரவரிக்குள் கைக்கு வரும்.

96குழி எழுதியது:

ஆவணச் சரிபார்ப்பு மாதத்தில் செல் வகை, செல் இல்லாத குழி, டி.எம்.எஸ்.ஓ அளவு, எத்தனை தட்டு, நெறிமுறை ஒப்புதல் எண் என்று 5 கேள்வி கொண்ட ஒரு பக்கத் தாளை முன்மொழிபவருக்கே அனுப்பிவிடுங்கள். நிரப்பத் தெரியாதவர்கள் பதில் போட மாட்டார்கள், குழுவுக்குப் பாதி வேலை மிச்சம்.